உழைப்பு தண்டனையா?

ஒரே மண்வெட்டி ஒருவன் கையில் பிழைப்பாகவும், மற்றொருவன் கையில் விளையாட்டாகவும், மூன்றாமவன் கையில் தண்டனையாகவும் இருக்கக் காண்கிறோம். மண் ஒன்றே; இரும்பு ஒன்றே; மேலே காயும் வெயிலும் ஒன்றே. ஆயினும் பிடித்த கைக்கேற்ப அதன் பொருள் மாறிவிடுகின்றது. இம்மாறுதல் எங்கிருந்து வருகின்றது? உழைப்பிலிருந்தா, கூலியிலிருந்தா, உழைப்பவனுக்குள்ள உரிமையிலிருந்தா, அன்றி அவனைப் பார்ப்பவரது கண்ணிலிருந்தா? இக்கேள்வியை நாம் நூல்களைப் படித்து எழுப்பவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் எம்மைக் கேட்ட கேள்வியும், அதன்மேல் நாம் செய்த தவறும், அத்தவற்றைக் கண்ட தொழிலாளி ஒருவர் எம்மைக் கேட்ட வேறொரு கேள்வியும் சேர்ந்து எம்மை இவ்வாராய்ச்சியில் இறக்கிவிட்டன.

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவர். அதே தோட்டம் ரப்பர்த் தோட்டமாயிருந்த நாளில் எம் தந்தையார் அங்கே பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுத்தபின், கத்தியும் வாளியும் எடுத்துக்கொண்டு இருட்டில் நடந்தவர். அவர் விரதம்போலக் காத்துவந்த கொள்கை ஒன்றுண்டு. மகன் கையில் அந்தக் கத்தி ஏறக்கூடாது என்பதே அது. அதன்பொருட்டே எம்மை ஏழு வயதில் கடற்பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர் மார்சிலிங்கில் குடியிருந்த அத்தையார் வீட்டில் விட்டு ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். நாம் ஆங்கிலம் படித்தோம், கணக்குப் படித்தோம், மீண்டு வந்து, எம் தந்தையாரின் பெயர் எழுதப்பட்டிருந்த அதே வகையான செக்ரோல் புத்தகத்தில் பிறர் பெயர்களை எழுதும் நாற்காலியில் அமர்ந்தோம். இன்று அப்புத்தகத்தில் தமிழ்ப் பெயர்கள் சிலவே. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தோரின் பெயர்களே பல. பெயர்கள் மாறின, வெயில் மாறவில்லை.

மார்சிலிங் என்றவுடன் இக்காலத்தார் நினைவுக்கு வருவன அடுக்குமாடி வீடுகளும், 1996ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ரயில் நிலையமும், ஜொகூருக்குச் செல்லும் வாகனங்களின் நெருக்கமுமேயாம். ஆயினும் அப்பெயரே தோட்டக் காலத்துப் பெயர். அன்னாசியும் ரப்பரும் பயிரிட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டிய லிம் நீ சூன் (1879–1936) என்ற சீனப் பெருவணிகரது தொடர்பால் அவ்வட்டாரத்துக்கு வந்த பெயர் அது. அதற்கும் முன்னே, 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. 1888இல் அத்தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தை மாய்க்காமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அக்கன்றுகளும் அம்முறையும் வந்திராவிடில், எம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருக்கவும் மாட்டார். இக்கட்டுரையை எழுத நாமும் இங்கே இருக்கமாட்டோம். இன்று அத்தீவில் ரப்பர்க் காடு இல்லை. பன்றிப் பண்ணைகளும் 1990ஆம் ஆண்டளவில் ஒழிந்தன. சிங்கப்பூரார் உண்ணும் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றது. எஞ்சிய பண்ணைகளுட் பல, மார்சிலிங்குக்கு மேற்கே கிராஞ்சி, லிம் சூ காங் பக்கங்களில் இருக்கின்றன. கீரை விளைவிப்போர், மீன் வளர்ப்போர், ஆடு வளர்ப்போர், தவளை வளர்ப்போர் எனச் சிலர் அங்கே மண்ணையும் நீரையும் விடாது பற்றிக்கொண்டிருக்கின்றனர்.

சென்ற ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், அத்தையாரின் குடியிருப்பைச் சேர்ந்த தமிழ்ப் பெற்றோர் சிலர் கூடித் தம் பிள்ளைகளை நான்கு நாள் ஒரு கீரைப் பண்ணையில் முகாமிட்டுத் தங்கச்செய்ய ஏற்பாடு செய்தனர். பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பதினெண்மர். அவர்களுக்குப் பொறுப்பாளராக உடனிருக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. “நீங்கள் தோட்டத்திலேயே இருப்பவராயிற்றே, உங்களுக்குத் தெரியாத வேலையா?” என்று எம்மை அழைத்தனர். தோட்டத்துக் கிராணி மண்வெட்டியைக் கணக்கில் எழுதியிருப்பானேயன்றிக் கையில் பிடித்திருக்கமாட்டான் என்பதை நகரத்தார் அறியார். நாமும் அறிவிக்கவில்லை. புகழ்ச்சி இனித்தது, விடுப்பு எடுத்துக்கொண்டு சென்றோம்.

புறப்படுமுன் தந்தையாரிடம் செய்தியைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் எம்மையே பார்த்திருந்து, “மண்வெட்டி பிடிக்கவா உன்னைப் படிக்கவைத்தேன்?” என்றார். “பிடிக்கப்போவது நான் அல்ல, அப்பா, பிள்ளைகள்தாம்” என்று நாம் சமாதானம் கூறினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவ்விடையில் எவ்வளவு இழிவு அடங்கியிருந்தது என்பது அப்பொழுது எமக்குப் புலப்படவில்லை.

முதல் நாள் இனிதே கழிந்தது. பிள்ளைகள் மண்ணில் கை வைத்தனர்; புழுவைக் கண்டு கூவினர்; கங்கோங் தண்டுகளை வரிசையாக ஊன்றினர். அவர்கள் ஊன்றியவற்றுட் பாதி சாய்ந்து கிடந்தன. எனினும் நாம் “மிகவும் அருமை!” என்று எல்லோரையும் ஒருபடித்தாகப் பாராட்டினோம். பாராட்டுவதே பொறுப்பாளரின் வேலை என்று எண்ணியிருந்தோம்.

இரண்டாம் நாள் காலை, பாத்தி கொத்திக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் நிமிர்ந்து நின்று, மண்வெட்டியைக் கீழே ஊன்றிக்கொண்டு கேட்டான்: “சார், எங்கள் தாத்தா எஸ்டேட்டில் இந்த வேலைதான் செய்தாராம். அவருக்கு அதற்குக் காசு கொடுத்தார்கள். இப்போது இதே வேலையை நான் செய்வதற்கு என் அம்மா காசு கொடுத்திருக்கிறார். இதில் ஏமாந்தது யார், சார்?”

பிள்ளைகள் எல்லோரும் கொல்லென்று சிரித்தனர். அக்கேள்வியில் குறும்பு இருந்தது உண்மையே. ஆனால் குறும்பைவிட அறிவு மிகுதியாயிருந்தது. எமக்கோ விடை தெரியவில்லை. விடை தெரியாத ஆசிரியனுக்கு வருவது கோபம். “வாய்க்கொழுப்பு மிகுந்துவிட்டது. போ, அந்தக் கோழி எருக் கூடைகளைச் சுமந்து கடைசிப் பாத்திவரை கொண்டுபோய்க் கொட்டு. பத்துக் கூடை” என்று கட்டளையிட்டோம். சிரிப்பு அடங்கியது. சிறுவன் முகம் கறுத்துச் சென்றான். நாம் வென்றுவிட்டதாக எண்ணி நிழலில் போய் நின்றோம்.

அப்பண்ணையில் வேலை செய்த தொழிலாளருள் ஒருவர் தமிழகத்திலிருந்து, புதுக்கோட்டைப் பக்கமிருந்து, வந்தவர். எம்மினும் சில ஆண்டு இளையவர். அவருடைய நாள்வேலையே அந்த எருக் கூடைகளைச் சுமப்பதுதான். சிறுவன் நான்காவது கூடையில் தடுமாறக் கண்டு, அவர் ஒரு கையால் அதைத் தாங்கிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு எம்மிடம் வந்தார். குரலில் சினமில்லை, முகத்தில் சிறு சிரிப்புக்கூட இருந்தது. “அண்ணே, அந்தத் தம்பி ஏதோ தப்புச் செய்தான், எருச் சுமக்கிறான். நான் மூன்று வருஷமாய்ச் சுமக்கிறேன். நான் என்ன தப்புச் செய்தேன், அண்ணே?” என்றார்.

நேயர்களே, அக்கேள்விக்கு நாம் என்ன விடை கூறியிருக்கக்கூடும்? “அப்படியில்லை, தம்பி” என்று ஏதோ முணுமுணுத்தோம். அவர் தலையசைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். அன்றிரவு பிள்ளைகள் உறங்கியபின், தவளைகள் கத்தும் இருட்டில் உட்கார்ந்து இரண்டு கேள்விகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தோம்.

பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் முகாமுக்கு அனுப்பும் வழக்கம் அமெரிக்க நாட்டில் வேரூன்றியது. 1861ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் பிரெடெரிக் கன் என்பவர் தம் மாணவரை வெளியிடத்துக்கு அழைத்துச் சென்று கூடாரமிட்டுத் தங்கியதை இதன் தொடக்கமாகக் கூறுவர். இதன்பின் இரு வேறு நோக்கங்கள் கிளைத்தன. 1877இல் வில்லர்ட் பார்சன்ஸ் என்ற பாதிரியார், நியூயார்க் நகரத்து நெருக்கமான குடியிருப்புகளில் வாடிய ஏழைப் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக் குடும்பங்களோடு சில நாள் தங்கச்செய்தார். அப்பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தவை நல்ல காற்றும் வயிறார உணவுமே. 1881இல் எர்னஸ்ட் பால்ச் என்ற இளைஞர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஓர் ஏரித் தீவில் வேறுவகை முகாம் ஒன்றைத் தொடங்கினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கோடை விடுதிகளில் வேலைக்காரர் சூழ வீணே பொழுது போக்குவதைக் கண்டு வருந்தி, அவர்கள் தம் உணவைத் தாமே சமைத்துத் தம் பாத்திரங்களைத் தாமே கழுவும்படி அவர் விதித்தார். அங்கே வேலைக்காரர் கிடையாது.

ஒரு முகாம் உழைத்துக் களைத்தோரின் பிள்ளைகளுக்கு ஓய்வு தந்தது. மற்றொன்று ஓய்ந்திருந்தோரின் பிள்ளைகளுக்கு உழைப்புத் தந்தது. எம் முகாம் இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? எம் பிள்ளைகள் செல்வருமல்லர், பட்டினியாளருமல்லர். அவர்களுக்கு இரண்டு தலைமுறைக்கு முந்தியோர் இவ்வேலையைச் செய்தே முதுகு வளைந்தவர். அவ்வேலையினின்று தப்புவதற்காகவே பெற்றோர் படித்தனர், பிள்ளைகளைப் படிப்பித்தனர். தப்பியோடிவந்த இடத்துக்கே பணம் கட்டித் திரும்பும் இவ்விந்தைக்கு அமெரிக்கக் கதையில் விடை இல்லை. விடையை நாமே தேடவேண்டும்.

பிழைப்புக்கும் விளையாட்டுக்கும் வேற்றுமை கூலியில்தான் என்று முதலிற் கூறலாம். கூலிக்குச் செய்வது தொழில். கூலியின்றிச் செய்வது விளையாட்டு. ஆனால் இது நிலைக்காது. வீட்டில் தாய்மார் கூலியின்றிச் செய்யும் வேலையை விளையாட்டென்று எவரேனும் கூறுவரா? பந்தாடிப் பெருஞ்சம்பளம் பெறுவோர் விளையாடவில்லை என்று கூறுவரா? ஆகவே கூலி அளவுகோலன்று.

விட்டுப்போகும் உரிமையே வேற்றுமை என்று அடுத்துக் கூறலாம். இதில் உண்மை மிகுதி. சஞ்சிக்கூலியாய் வந்தவன் ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டால் சட்டம் அவனைத் துரத்தியது. அம்முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணி அழைத்துவர வந்தவனைச் சட்டம் கட்டவில்லையெனினும், கடனும் பசியும் கட்டின. தமிழ்நாட்டிலிருந்து கூலியாள் திரட்டி அனுப்புவதை 1938இல் இந்திய சர்க்கார் தடைசெய்யும்வரை அவ்வழியே பல்லாயிரவர் வந்தனர். வேலையில் இருந்த துன்பத்தினும், விட இயலாமையில் இருந்த துன்பமே பெரிது. ஆயினும், அந்தச் சிறுவனால் முகாமை விட்டுப் போக முடியுமா? தாய் அனுப்பினார், அவன் வந்தான். ஜூன் மாதத்தை எவ்விதம் கழிக்க விரும்புகின்றாய் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. பத்துக் கூடை சுமக்க நாம் கட்டளையிட்டபோது அவனுக்கு மறுக்கும் உரிமை இருந்ததா? இல்லை. அந்த நிமிடத்தில் அவன் அனுபவித்த சுதந்திரம் அவன் தாத்தா பெரட்டுக் களத்தில் அனுபவித்ததைவிட மிகுதி என்று நாம் துணிந்து கூறமாட்டோம்.

வேலையின் பயன் யாரைச் சேர்கின்றது என்பதே மூன்றாவது அளவுகோல். தோட்டத்தில் தாயின் பின்னே ஓடி, மங்கில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்த பிள்ளையின் உழைப்பு யாரை வளர்த்தது? அப்பிள்ளையை வளர்க்கவில்லை. அது பள்ளியில் கழிக்கவேண்டிய காலத்தைத் தின்றது. முகாமில் கொத்தும் பிள்ளையின் உழைப்போ பண்ணைக்குப் பெரும் பயன் தராது, பிள்ளைக்கே பயன்படவேண்டும். ஆகவே ஒரு பிள்ளையை மண்ணில் இறக்குவதற்கு நியாயம் ஒன்றே ஒன்று: அவ்வேலையால் அப்பிள்ளை அறிவிலும் உணர்விலும் சிறிது வளர்ந்து வெளியேறவேண்டும். அது நிகழாவிடின், முகாம் காசு கொடுத்து வாங்கிய வேடமாகும்.

இவ்வளவுகோலை எம்மேல் வைத்துப் பார்த்தோம். அன்று அச்சிறுவன் எம்மிடம் கற்றது யாது? எருச் சுமப்பது தண்டனை. அதைச் செய்பவன் தண்டிக்கப்பட்டவன். நிழலில் நின்று ஏவுபவன் பெரியவன். இப்பாடத்தைக் கற்பிக்கவா அவன் தாய் பணம் கட்டினார்? இதைக் கற்பிக்கப் பண்ணை எதற்கு? ஒவ்வொரு வீட்டிலும் இலவசமாகக் கற்பிக்கின்றோமே! “படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்” என்று ஊரில் கூறினோம். கடல் கடந்து வந்தபின் மாடு இல்லாமையால், தெருக் கூட்டுபவரைக் காட்டி, “படிக்காவிட்டால் உனக்கும் இதுவே கதி” என்கின்றோம். அவர் காதிலும் அது விழுகின்றது என்பதைக் கருதுவதில்லை. வள்ளுவர் உழவுக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார் என்று மேடையில் முழங்குகின்றோம். மேடையினின்று இறங்கி வீட்டுக்கு வந்ததும் உழவை வைத்தே பிள்ளையை அச்சுறுத்துகின்றோம். இவ்விரண்டில் பிள்ளை எதை நம்பும்? அன்றாடம் கேட்பதையே நம்பும்.

இவ்விடத்தில் தமிழர்க்கு நெருங்கிய வரலாறு ஒன்றை எடுத்துக்காட்டுவது பொருந்தும். 1910ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில், ஜொஹானஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில், ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக்கலைஞர் தமக்குரிய 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காகக் காந்தியாரிடம் விட்டார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் சிறை சென்றோரின் மனைவியரும் பிள்ளைகளும் வாழ்ந்தனர். அவர்களுட் பலர் தமிழர். வேலைக்காரர் ஒருவருமில்லை. சமையல் முதல் கழிவு அகற்றுவதுவரை எல்லாம் அங்கு வாழ்ந்தோரே செய்தனர். பிள்ளைகள் குழி தோண்டினர், மரம் வெட்டினர், சுமை தூக்கினர். காலன்பாக் ஒரு மடத்துத் துறவியரிடம் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார், காந்தியார் அவரிடம் கற்றார், பிள்ளைகளும் கற்றனர். அங்கே ஒரு விதி இருந்தது: ஆசிரியர் தாம் செய்யாத எதனையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லலாகாது. எந்த வேலையிலும் ஓர் ஆசிரியர் அவர்களோடு கூட நின்று செய்யவேண்டும்.

அங்கும் தவறு நிகழாமலில்லை. பொய்யும் சண்டையும் மிகுந்த பதினேழு வயது மாணவன் ஒருவனைக் காந்தியார் ஒருநாள் கையருகே கிடந்த அளவுகோலால் தோளின்கீழ் அடித்துவிட்டார். அடிக்கும்போது அவர் உடல் நடுங்கியது. பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். திருப்பி அடிக்கும் உடல் வலிமை அவனுக்கு இருந்தது; ஆனால் அடித்தவரின் வேதனையை அவன் கண்டுகொண்டான். பையன் திருந்தியபோதிலும், தாம் செய்தது சரியென்று காந்தியார் வாதிக்கவில்லை. அச்செயலுக்காக வருந்தியதையே தம் வரலாற்றில் எழுதினார். அவருடைய மற்றக் கொள்கைகளை ஏற்பவரும் மறுப்பவரும் நம்மிடையே உளர். அது வேறு வழக்கு. பிள்ளைகள்மேல் அதிகாரம் பெற்ற ஒருவர் தம் அதிகாரத்தையே ஐயுற்றுப் பார்த்தார் என்பதே ஈண்டு வேண்டுவது. அவர் அளவுகோலால் அடித்தார். நாம் எருக் கூடையால் அடித்தோம். அவர் நடுங்கினார், நாம் நிழலில் நின்றோம். எமக்கும் அவருக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

மூன்றாம் நாள் விடியலில் பிள்ளைகளைக் கூட்டினோம். “நேற்று இந்தத் தம்பி கேட்டது நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை; அதனால் கோபித்தேன். எருச் சுமப்பதைத் தண்டனையாக்கினேன். இரண்டும் தவறு” என்றோம். முப்பது வயது கடந்தவர் பத்து வயதுப் பிள்ளைகளிடம் இவ்வாறு சொல்வது எளிதன்று. சிலர் எம்மைப் பார்க்கக் கூசித் தலை குனிந்தனர். பின்னர், புதுக்கோட்டைத் தோழரை அழைத்து, அன்றைக்கு அவரே ஆசிரியர் என்று அறிவித்து, முதற் கூடையை நாம் சுமந்தோம். தோட்டத்தில் பிறந்தும் அதுகாறும் எம் தோள் அறியாத சுமை அது. ஐந்தாவது கூடையில் மூச்சு வாங்கிற்று. எட்டாவதில் கை நடுங்கிற்று. அவர் எம் கையைப் பிடித்து, கூடையை இடுப்பில் எப்படிச் சாய்க்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அதுவரை நாம் அறிந்திராத ஒன்று அப்பொழுது விளங்கிற்று. சுமப்பதிலும் ஒரு கல்வி உண்டு. “கூலி வேலைக்குப் படிப்பு எதற்கு?” என்று கேட்போர் ஒரு கூடையேனும் சுமந்தவரல்லர்.

பிறகு அவர் பிள்ளைகளை முதல் நாள் நட்ட பாத்திக்கு அழைத்துச் சென்றார். அங்கே எல்லாத் தண்டுகளும் நேராக நின்றன. “நாங்கள் நன்றாக நட்டிருக்கிறோம்!” என்று ஒரு சிறுமி மகிழ்ந்தாள். அவர் தயங்கி எம்மைப் பார்த்தார். உண்மையைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். சாய்ந்து கிடந்தவற்றை அவரே அன்று மாலை வேலை முடிந்தபின் பிடுங்கித் திரும்ப நட்டிருந்தார். இல்லாவிடில் பயிர் அழுகிப்போயிருக்கும். நாம் வாரி வழங்கிய “மிகவும் அருமை” என்ற பாராட்டின் செலவை அவர் தம் ஓய்வு நேரத்திலிருந்து கட்டியிருந்தார்! சிறுமியின் கண் கலங்கியது. ஆனால் அவள் அடுத்துக் கேட்டது, “அப்படியானால் எப்படி நடவேண்டும், அண்ணா?” என்பதே. முகாம் உண்மையில் அப்பொழுதுதான் தொடங்கியது. பொய்ப் பாராட்டு பிள்ளையை மகிழ்விக்கும். உண்மையே அதனை மதிக்கும்.

இறுதி நாள் அச்சிறுவனைத் தனியே அழைத்து, அவன் கேள்விக்கு எமக்குத் தோன்றிய விடையைக் கூறினோம்: “உன் தாத்தாவுக்குக் கொடுத்த காசு அவர் உழைப்புக்கு ஈடானதன்று, அம்மட்டில் அவர் ஏமாற்றப்பட்டார். உன் அம்மா கொடுத்த காசு வேலைக்காகவன்று, பாடத்துக்காக. பள்ளிக்கூடத்துக்கும் சம்பளம் கட்டுகிறோமல்லவா? இங்கே வந்தபின், இந்த வேலையைச் செய்பவரைப் பார்த்து மரியாதையாக ‘அண்ணா’ என்று அழைக்க உனக்கு வாய் வந்தால், அம்மா ஏமாறவில்லை. வராவிட்டால், முழுக் காசும் நட்டம்.” அவன் சிறிது நேரம் யோசித்து, “தாத்தாவை ஏமாற்றியவர்கள் அந்தக் காசைத் திருப்பிக் கொடுப்பார்களா, சார்?” என்று கேட்டான். அக்கேள்விக்கும் எம்மிடம் விடையில்லை. ஆனால் இம்முறை கோபம் வரவில்லை.

இங்கே ஒரு தடையை நாமே எழுப்பிக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். எம் தந்தையாரைப் போன்றவர் கூறலாம்: “உழைப்பின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் உழைத்து அறியாதவர். முதுகு வளைந்தவனுக்கு மண்வெட்டியின் பெருமை வேண்டாம். அதிலிருந்து விடுதலை வேண்டும். பிள்ளைகளை மீண்டும் மண்ணுக்கு இழுக்காதீர்.” இவ்வாதத்தை எள்ளி நகையாடுவோர் நன்றி கொன்றவராவர். அவர் கத்தியைத் தொடவிடாது காத்ததாலேயே நாம் எழுதுகோலைத் தொட்டோம். உழைப்பின் பெருமையைக் கூறிக் கூலியைக் குறைப்போரும், ‘குலத்தொழில் சிறந்தது’ என்று கூறி ஏழையின் பிள்ளையைப் பள்ளியினின்று தடுப்போரும் எக்காலத்தும் உண்டு. அவர்கள் கையில் இக்கட்டுரை ஆயுதமாகுமாயின், இதனைக் கிழித்தெறிக என்றே வேண்டுவோம்.

ஆனால் தந்தையார் எமக்குக் கொடுக்க விரும்பியது வேலையிலிருந்து விடுதலை. நாம் எடுத்துக்கொண்டதோ வேலை செய்வோரிடமிருந்து விலகல். இரண்டும் ஒன்றல்ல. முன்னது அறம், பின்னது கிராணித்தனம். கட்டாய உழைப்பினின்று விடுபட்டவன், இன்னும் விடுபடாதவனைத் தாழ்ந்தவனாகக் காண்பானாயின், அவன் துரையின் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டானேயன்றி விடுதலை பெற்றானல்லன். எம் பாட்டனார் பெயர் இருந்த ஏட்டில் இன்று வேற்று நாட்டார் பெயரை எழுதும் நாம், அவர்கள் பெயரைப் பிழையின்றி எழுதவேனும் இதற்குமுன் முயன்றதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். ஓசைக்குக் கிட்டியபடி எழுதிவிட்டு எண்ணைச் சேர்த்துவிடுவது வழக்கம். முகாமிலிருந்து திரும்பியபின் ஒவ்வொருவரையும் அழைத்து அவர் பெயரை அவரையே சொல்லச் செய்து திருத்தி எழுதினோம். அதனால் அவர்கள் சம்பளம் ஒரு காசும் உயரவில்லை. ஆயினும் பிழையாக எழுதிய பெயரைத் திருத்தவும் மனமில்லாதவன் சம்பள உயர்வுக்குப் பரிந்து பேசுவான் என்று எதிர்பார்க்க இடமில்லை.

ஆதலின், பிள்ளைகளைப் பண்ணைக்கும் முகாமுக்கும் அனுப்பும் பெற்றோர்க்கும், அவர்களை நடத்தும் பொறுப்பாளர்க்கும் நாம் கூறிக்கொள்வன மூன்று. எந்த வேலையையும் தண்டனையாக விதிக்காதீர்கள். விதித்தால், அவ்வேலையைப் பிழைப்பாகக் கொண்ட ஒவ்வொருவரையும் குற்றவாளியாக்குகின்றீர்கள். பிள்ளை சுமக்கும் கூடையை முதலில் நீங்கள் சுமந்து பாருங்கள். உங்களால் இயலாததை ஏவாதீர்கள். பண்ணையில் உழைக்கும் தொழிலாளரைப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி ஆசிரியராக அமருங்கள். அவர் கற்பிக்கும் நேரத்துக்குத் தனியே ஊதியம் கொடுங்கள். எம் முகாமில் இக்கடைசி விதியை நாம் கடைப்பிடிக்கவில்லை. பெற்றோர் கட்டிய பணத்தில் புதுக்கோட்டைத் தோழருக்கென்று ஒரு வெள்ளியும் ஒதுக்கப்படவில்லை. அவர் கேட்கவில்லை, நாமும் அந்நேரத்தில் நினைக்கவில்லை. இவ்வாண்டு ஜூன் மாதத்துக்கு முன்னதாகவே அதனைப் பெற்றோர்க்கு எழுதியிருக்கின்றோம்.

வீடு திரும்பிய அன்று தந்தையார் எம் உள்ளங்கையில் எழுந்திருந்த கொப்புளங்களைக் கண்டார். “பிடிக்கப்போவது பிள்ளைகள் என்றாயே?” என்றார். நடந்ததைக் கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், “கூடையை இடுப்பில் சாய்க்கத் தெரிந்துகொண்டாயா?” என்று மட்டும் கேட்டார். தெரிந்துகொண்டோம் என்றோம். “அது எனக்கும் தெரியும். நீ கேட்கவே இல்லையே” என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீட்டுக்கு உரியவராயிருந்தும் நாம் கேட்கவில்லை. நேயர்களே, உங்கள் வீட்டிலும் அவ்வாறு ஒரு முதியவர் இருப்பார். பிள்ளைகளைப் பண்ணைக்கு அனுப்புவது நன்றே. அதற்குமுன் ஒருநாள் மாலை அவர் அருகே அமர்த்தி, அவர் கை என்னென்ன வேலை செய்தது என்று கேட்கச் செய்யுங்கள். அதற்குப் பணம் கட்டவேண்டுவதில்லை.